கடல் கொண்டுபோகாத புத்தகம்

சுனாமிக்குப் பிறகு, இல்லாத தோணியைக் கடல் கொண்டுபோனதாகப் பதிந்தவர்கள் எல்லாக் கரையிலும் இருந்தார்கள். திருகோணமலைப் பக்கத்து எங்கள் கிண்ணியாவிலும் அப்படிப் பேச்சு அடிபட்டது. பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வாயைத் திறந்து ஏசுகிறவன் நான்தான். இத்தனை மௌத்துக்கு நடுவில் பொய்க்கணக்கு எழுத இவர்களுக்கு எப்படி மனசு வந்தது என்று தேநீர்க்கடையில் இருந்து சத்தமாகவே கேட்டிருக்கிறேன். அதே காலத்தில் நானும் ஒரு பொய்க்கணக்கு எழுதியிருந்தேன். என் கணக்கில் இருந்தது தோணியுமல்ல, வலையுமல்ல. ஒரு காமிக்ஸ் புத்தகம். கடல் கொண்டுபோனது என்று நான் சொன்ன அந்தப் புத்தகம் என் வீட்டு அலுமாரியில், மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் இன்றைக்கும் இருக்கிறது.

காமிக்ஸ்தானே என்று நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விளக்காமல் விட்டால் என் குற்றம் சின்னதாகத் தெரியும். அது எனக்குத்தான் வசதி.

1972 ஜனவரியில் சிவகாசிக்காரரான சவுந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. கதையின் மூலம் இங்கிலாந்து. 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர் அது. லூயி கிராண்டெல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தில் வலக்கையை இழக்கிறான். இரும்புக்கை பொருத்துகிறார்கள். உடம்பில் உயர் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான். கை மட்டும் மறையாமல் அந்தரத்தில் நிற்கும். தொடக்கத்தில் அவன் நல்லவனுமில்லை, கொள்ளையடிக்கிறவன். பிறகுதான் திருந்தி நிழல்படை என்ற உளவுப் படையில் சேருகிறான். இங்கிலாந்தில் அந்த வார இதழ் 1976இல் நின்றது, அடுத்த தலைமுறைக்கு அவனைத் தெரியாது. தமிழ்ப் பையன்களுக்கு அவன் பெரியப்பா மகனைப்போல ஆகிவிட்டான்.

அவனோடு சி.ஐ.டி. லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ என்று இன்னும் சிலர். 1984 ஜூலையில் சவுந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதில் வந்தார்கள். அதே வருடம் தினத்தந்திக்காரர்களின் ராணி காமிக்ஸும் வந்தது. ராணியில் 'மாயாவி' என்றால் வேறு ஆள்: காட்டுக்குள் இருக்கிற முகமூடிக்காரர், அமெரிக்காவின் பேன்டம். எது அசல் மாயாவி என்று எங்களுக்குள் கைகலப்பே நடந்திருக்கிறது. நான் இரும்புக்கைக் கட்சி.

இவையெல்லாம் கிண்ணியாவுக்கு வந்து சேர்ந்த வழி லேசானதல்ல. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. 1977க்குப் பிறகு தளர்ந்தது. கொழும்புக்கு வந்தது திருகோணமலைக்குச் சிந்தும், அங்கிருந்து பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்கு வரும். 2009 அக்டோபரில் பாலம் திறக்கும்வரை எங்கள் ஊருக்கு அரிசியும் சீமெந்தும் மாப்பிள்ளையும் வந்தது அந்தப் பாதையில்தான். இன்னொரு வழி நாகூர். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல் ஓடிய காலத்தில் எங்கள் ஆட்கள் நாகூருக்குப் போய் வருவார்கள். திரும்பும்போது சாரமும் சேலையும் எவர்சில்வர் பாத்திரமும் கொண்டுவருவார்கள். என் கூட்டாளியின் வாப்பா 1978இல் மகனுக்கு ஒரு மாயாவி கொண்டுவந்தார். 'பாம்புத் தீவு'. நாகப்பட்டினத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். அட்டையின் உள்பக்கத்தில் மகனின் பேரும் நாகூர் என்ற சொல்லும் வருடமும் நீல மையில் எழுதியிருந்தார். அறபுத்தமிழில் எழுதியிருந்தார், அவருக்குத் தமிழ் எழுத்தைவிட அறபெழுத்துத்தான் கைக்கு ஓடும்.

அந்த ஒரு புத்தகத்தை எத்தனை பேர் படித்தோம் என்று எண்ண முடியாது. படித்து முடிந்த பிறகுதான் உண்மையான கூத்து தொடங்கியது. அடுத்த இதழ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதபடியால் கூட்டாளி அடுத்த கதையைத் தானே சொல்லத் தொடங்கினான். அவனுடைய மாயாவிக்கு லண்டன் தெரியாது. மாயாவி எங்களுக்குப் பக்கத்திலுள்ள சீனன்குடாவில் இருந்தான். வெள்ளைக்காரன் கட்டி, 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அந்த எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றுக்குள்தான் நிழல்படையின் அலுவலகம். பிரிமா மா ஆலை வந்த பிறகு மாயாவி அங்கேயுள்ள பெரிய கம்பியில் கை வைத்து மின்சாரம் எடுப்பான். மறைந்த பிறகு பாதையில் ஏறி ஊருக்குள் வருவான். காசு கொடுக்கத் தேவையில்லை, ஆனால் இரும்புக்கையைத் தயிர்ச்சட்டிக்குள் ஒளித்துக்கொள்ள வேண்டும். எருமைத்தயிர் ஊரில் வேறெதற்குள் ஒளிப்பது? நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். கூட்டாளி கதையை நிறுத்தி, "இப்ப நீ என்ன செய்யப் போறாய்?" என்று கேட்பான். நாம் சொல்கிறதைப் பொறுத்துக் கதை திரும்பும். நான் பெரும்பாலும் மாயாவியாக இருக்கவே அடம்பிடிப்பேன். அவன் விட்டுத்தருவான்.

பிறகு யுத்தம். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: கூட்டாளியின் வாப்பா மௌத்தானார், அவன் படிப்பை விட்டுக் கடற்கரைப் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை போட்டான், நான் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனேன். சம்பளம் வந்ததும் காமிக்ஸ் வாங்கினேன். கொழும்புக்கு வேலையாகப் போனால் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் குந்திவிடுவேன். திரும்பும்போது பாதையடியில் சோதனை. ஒரு தடவை பையைக் கிளறிய சிப்பாய் ஒருவன் ஸ்பைடர் புத்தகத்தை எடுத்துப் படம் பார்க்கத் தொடங்கி, வரிசை முழுக்கக் காத்து நிற்கக் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுத்தான் தந்தான். அவனுக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. அவனை எனக்குப் பிடித்துப்போனது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து தமிழ் காமிக்ஸுக்குக் கெட்ட காலம். 2005இல் ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் மூச்சு வாங்கி வாங்கி வந்தன. சில வருடங்களில் விரல்விட்டு எண்ணும்படிதான் இதழ். பழைய மாயாவிகள் எங்கேயும் கிடையாது. அப்போதுதான் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெளிநாட்டிலும் இருந்த எங்களைப் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தோம். எந்த இதழ் எந்த வருடம், எந்தக் கதைக்கு மூலம் எது, எந்தப் பக்கம் எந்த மறுபதிப்பில் விடுபட்டது என்று பட்டியல் போட்டோம். பதிப்பகம் சோர்ந்து கிடந்த காலத்தில் மாயாவிக்கு ஹயாத்துக் கொடுத்தது நாங்கள்தான் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வோம். பலர் விஷயத்தில் அது உண்மை. தன் கைக்காசில் நகல் எடுத்து அந்நியருக்குத் தபாலில் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். நான் அந்த இனமல்ல.

நான் சேர்த்தேன். சேர்த்துப் பூட்டினேன்.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து வீதிகள் திறந்த பிறகு என் சேகரம் வேகமாக வளர்ந்தது. ஆரம்பகால முத்து இதழ்களில் என்னிடம் இல்லாதவற்றைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். அதில் 'பாம்புத் தீவு' இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூட்டாளியிடம் போய், "மச்சான், ஒருக்காப் படிச்சிட்டுத் தாறன்" என்றேன். அவன் உம்மா பெட்டகத்தைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார். பாச்சா உருண்டை மணந்தது. தருகிறபோது கூட்டாளி எதுவும் சொல்லவில்லை. உம்மாதான், "அவர்ட கையெழுத்து இரிக்கி மகன், பத்திரம்" என்றார்.

படிக்க அரைமணி நேரம் போதும். நான் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். கேட்டால் கொடுப்போம் என்று நினைத்தேன், அவன் கேட்கவில்லை. கேட்காதபடியால் அவனுக்கு அதில் பெரிய பிரியமில்லை என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவனிடம் கிடந்தால் கறையான் அரிக்கும், என்னிடம் இருந்தால் உறைக்குள் இருக்கும் என்று இன்னொரு தீர்ப்பு. சேகரிக்கிறவர்கள் எல்லோரிடமும் இந்த இரண்டாவது தீர்ப்பு இருக்கும். பொருளை நேசிக்கத் தகுதியானவன் நான் மட்டும்தான் என்கிற எண்ணம். நூதனசாலை வைத்த வெள்ளைக்காரனும் இதைத்தான் சொன்னான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். எங்கள் ஆஸ்பத்திரியையே கடல் உடைத்துக்கொண்டு போனது. நாடு முழுக்க 30,000 பேருக்கு மேல். கூட்டாளியின் வீடு கரையோரம். அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. அவன் உம்மா கிடைத்தது மூன்றாம் நாள். என் வீடு உள்பக்கம். முற்றத்தைத் தாண்டி வந்த தண்ணீர் அலுமாரியின் கீழ்த்தட்டை நனைத்தது. அங்கே இருந்த ராணி காமிக்ஸ்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 'பாம்புத் தீவு' மேல்தட்டில் இருந்தது.

சில கிழமைகள் கழித்து, அகதிமுகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் அவனைப் பார்த்தேன். தேங்காய்ச் சம்பலும் பாணும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கொண்டுபோன சாரத்தையும் சேட்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தான். உம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு கேட்டான்.

"மச்சான், வாப்பாட அந்தப் பொத்தகம் ஒன்ட கையிலதானே இரிந்த?"

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "கடல் கொண்டு பெய்த்திட்டு மச்சான். கீழ்த்தட்டில இரிந்த."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இருபது வருடமாக எனக்கு நானே பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். திடுக்கிட்டுப்போனேன், வாய் தடுமாறியது, ஒரு வருடம் வைத்திருந்த வெட்கம் என்றெல்லாம். எல்லாம் அலங்காரம். அவன் கேள்வியை முடிக்கும் முன்பே நான் கணக்குப் போட்டுவிட்டேன்: சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அந்த இதழ் வேறு யாரிடமும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை, இதைக் கொடுத்தால் எனக்குத் திரும்பக் கிடைக்காது, இப்போது இல்லையென்று சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இவ்வளவும் ஒரு மிடறு தேநீருக்குள் ஓடியது. அவன், "பரவால்ல. ஒன்ட பொத்தகங்களும் பெய்த்திருக்குமே" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். பிறகு, வாப்பா கையால் எழுதியது என்று இனி ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, காணி உறுதிகூடப் போய்விட்டது என்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்றை அந்தக் கையெழுத்தின் மேல் ஒட்டினேன். மேலே என் சேகர இலக்கத்தை எழுதினேன்.

ஒரு பொய் தனியாக இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் விஷயத்தில் இரண்டாவது பொய்தான் முதலாவதைவிடக் கேவலமானது. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு சனம் ஊரைவிட்டே வெளிக்கிட்டது. பெரும்பாலானவர்கள் கந்தளாய்க்குப் போனார்கள். ஒரு பகுதி கிண்ணியாவுக்கும் வந்தது. மறுபடியும் பள்ளிக்கூடங்கள் அகதிமுகாம். கூட்டாளி ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். முகாம் பிள்ளைகள் பொழுது போகாமல் அடிபட்டுக்கொள்கிறார்கள், படம் போட்ட புத்தகம் நாலைந்து கொடு, கிழியாமல் நானே கூட இருந்து காட்டிவிட்டுக் கொண்டுவருகிறேன் என்றான். என் அலுமாரியில் அன்றைக்கு நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் திறந்தால் மேல்தட்டு அவன் கண்ணுக்கு நேரே வரும். வாசலிலேயே வைத்து, "ஒன்டும் உருப்படியா இல்ல மச்சான், எல்லாம் நனஞ்சது" என்று சொல்லி, ஒட்டிப்போன ராணி காமிக்ஸ் இரண்டை எடுத்துவந்து கொடுத்தேன். பக்கம் பிரியாத புத்தகம். அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் அலுவலக வேலையாக அந்த முகாமுக்குப் போக நேர்ந்தது. மண்டபத்தின் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். நடுவில் இவன். கையில் புத்தகம் இல்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்குள் மாயாவி மாட்டிக்கொண்டிருக்கிறான், வெளியே காவல், இப்ப அவன் என்ன செய்வான் என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த கதை. கிட்டத்தட்ட முப்பது வருடத்துக்கு முன்னால் நான் அதில் மாயாவியாக இருந்தவன். மூதூர்ப் பையன் ஒருவன் எழும்பி, "கரண்ட் இல்லையே, எப்படி மறைவான்?" என்றான். முகாமில் அன்றைக்கு மின்சாரம் இல்லை. கூட்டாளி யோசிப்பதுபோல நடித்தான். இன்னொரு பெண்பிள்ளை, "மழை வரட்டும், மின்னல் வரும்" என்றாள். அதற்கு முதல் பையன், அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று கேட்டான். அப்புறம் மாயாவி எந்த வரிசையில் நின்று எந்தப் பார்சலை வாங்குவான், ஒரு கை மட்டும் தெரிந்தால் பங்கீட்டு அட்டையில் எப்படிப் பதிவார்கள் என்று பெரிய விவாதம். நான் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, வந்த கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியேறினேன்.

அதன்பிறகு என் பெயர் வெளியே பரவத் தொடங்கியது. கொழும்பிலும் சென்னையிலும் பாரிஸிலும் இருக்கிற சேகரிப்பாளர்கள் கிண்ணியாவில் ஒருவரிடம் 'பாம்புத் தீவு' இருக்கிறதாம் என்று பேசினார்கள். அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன்; உள்பக்கத்தை அனுப்பவில்லை. ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லி மன்றாடினார்கள். கதை அழிந்துவிடக்கூடாது, எல்லோரும் படிக்கட்டும் என்றார்கள். நான் மறுத்தேன். ஸ்கேன் எடுத்துப் பரப்புவது கஷ்டப்பட்டு நடத்துகிற பதிப்பாளரின் வயிற்றில் அடிப்பது என்று நீளமாகப் பதில் எழுதினேன். வாதம் என்ற வகையில் அது நேர்மையானது. உரிமை வாங்கி அச்சிட்டவர் உயிரோடு இருக்கும்போது அதை ஒதுக்கிவிட முடியாது. நான் அதைச் சொன்னதில்தான் நேர்மை இல்லை. பத்துப் பேர் கையில் நகல் போனால் என் பிரதிக்கு இருந்த மதிப்புப் போய்விடும் என்பதே என் கவலை. உரிமைச் சட்டம் எனக்கு நல்ல திரையாக அமைந்தது.

டோஹாவில் வேலை செய்கிற என் மருமகன் லீவில் வந்திருந்தபோது ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான். வெள்ளிக்கிழமைகளில் அறையில் கேரளப் பையன்களும் பிலிப்பீன்ஸ்காரர்களும் சேர்ந்து விளையாடுகிறார்களாம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, தாயக்கட்டை உருட்டி நடத்துகிற விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இதற்கெல்லாம் மூத்தது. அதற்குள் பல கற்பனை உலகங்கள். அவர்களுக்குப் பிடித்தது 1991இல் வந்த 'டார்க் சன்'. செடிகொடியின் உயிரை உறிஞ்சித்தான் அங்கே மந்திரம் செய்ய முடியும், அதனால் உலகமே பாலைவனமாகிவிட்டது. இரும்பு பொன்னுக்குச் சமம். நிறுவனம் சில வருடங்களில் அந்த உலகத்துக்குப் புத்தகம் போடுவதை நிறுத்திவிட்டது. 1997இல் நிறுவனமே கைமாறியது. விளையாடுகிறவர்கள் நிறுத்தவில்லை. அவர்களே புதுப் பட்டணங்கள் எழுதுகிறார்கள், வரைபடம் கீறுகிறார்கள், பிழை திருத்துகிறார்கள்.

நான் கெட்டிக்காரத்தனமாக, பழைய புத்தகங்களுக்கு இப்போது நல்ல விலை இருக்குமே என்று கேட்டேன். இருக்கிறது மாமா என்றான். "ஆனா அத வாங்கிப் பூட்டி வச்சி என்ன செய்ற? நாலு பேர் குந்தாட்டி அது வெறும் கடதாசி." அவன் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. எனக்கோ அந்தப் பள்ளிக்கூட மண்டபம் ஞாபகம் வந்தது. அவனுக்குக் கூட்டாளியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய் திறந்து, சொன்னால் எதுவரை சொல்ல வேண்டிவரும் என்று நினைத்து மூடிக்கொண்டேன்.

2012 ஜனவரியில் லயன் மீண்டு வந்தது. 'கம்பேக் ஸ்பெஷல்' என்று நல்ல தாளில் ஓர் இதழ், சென்னைப் புத்தகக் காட்சியில். பிறகு மாதா மாதம். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் வாசகர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். மாயாவியின் பழைய கதைகளும் மறுபதிப்பாக வரத் தொடங்கின. இங்கிலாந்திலும் பழைய உரிமைகளை ரெபெல்லியன் நிறுவனம் வாங்கி, 2021இல் மாயாவியின் மூலமான 'ஸ்டீல் க்ளா'வைப் புத்தகமாகப் போட்டது. என் சந்தோஷத்தில் பாதி பொய். கைக்குள் வைத்திருந்த பறவை ஊரெல்லாம் பறக்கிறதே என்ற எரிச்சல் உள்ளே இருந்தது. அதை மறைக்க ஒரு தந்திரம் செய்தேன். மாயாவி மறுபதிப்பு ஒன்றைத் தருவித்து, பரிசுத்தாள் சுற்றி, கூட்டாளியின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். வட்டியோடு கட்டியதாகக்கூட நினைத்தேன்.

அவன் கிறீஸ் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். "இது வேற கதையாக்கும்" என்றான், ஆனால் சந்தோஷமாகத்தான். அடுத்த கிழமை போனபோது புத்தகத்தைக் காணோம். ஓதப்பள்ளிக்குப் போகிற பையன் ஒருவன் கேட்டான், கொடுத்துவிட்டேன் என்றான். எப்போது திருப்பித் தருவான் என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்வி விளங்கவேயில்லை. "படிச்சிட்டு ஆருக்கும் குடுப்பான்தானே."

இந்த வருடம் நோன்புக்கு முன்னால் ஒருநாள் அந்த ஒட்டுத்தாளைப் பிரித்துவிட முடிவு செய்தேன். கையெழுத்தோடு திருப்பிக் கொடுத்தால் பாதிக் குற்றமாவது குறையும் என்று ஒரு நப்பாசை. தலைமயிர் உலர்த்தும் மெசினால் சூடுகாட்டினால் பசை இளகும் என்று சேகரிப்பாளர் ஒருவர் சொன்னார். மகளின் மெசினை எடுத்து, அறையைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஓரம் சுலபமாக எழும்பியது. நடுவில் பசை இறுகிக் கிடந்தது. மெதுவாக இழுத்தேன். தாள் வந்தபோது அட்டையின் மேல்தோலும் கூடவே வந்தது. வருடம் இருக்கிறது. நாகூர் என்பதில் முன்பாதி இருக்கிறது. கூட்டாளியின் பேரில் கடைசி எழுத்தும் அதன் மேல் ஒரு புள்ளியும் இருக்கிறது. மிச்சம் ஒட்டுத்தாளின் பின்பக்கத்தில் இடம்வலம் மாறிக் கிடக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் வாசிக்கலாம். அதையும் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் கடை என் வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடம். ஜும்ஆவுக்கு ஒரே பள்ளிக்குத்தான் போகிறோம். பல சமயம் ஒரே வரிசையில் நிற்கிறோம். அடியானுக்கு அடியான் செய்த குற்றத்தைப் பாதிக்கப்பட்டவன்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்விடம் அழுது தீர்க்க முடியாது என்று மௌலவி எத்தனையோ தடவை பயான் பண்ணியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஆமென்று தலையாட்டியிருக்கிறேன். நேரில் சொல்ல நாக்கு எழும்பாதபடியால்தான் எழுதுகிறேன். எழுதுவதிலும் என் குணம் போகவில்லை என்று எனக்கே தெரிகிறது: ஒருவனிடம் சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொல்லி, அதிலும் ஒரு பேர் வாங்கப் பார்க்கிறேன். அவன் கடைக்குச் சஞ்சிகைகள் வரும். டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக் காயும்வரைக்கும் எதையாவது படித்துக்கொண்டிருப்பான். இது அச்சாகி வரும் முன் நான் போகாவிட்டால் அங்கே இருந்து இதைப் படிப்பான். என்னை நன்றாக அறிந்தவர்கள் அப்படித்தான் நடக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையின் பாதியை எழுதிக்கொண்டிருந்தபோது பாரிஸில் இருக்கிற சேகரிப்பாளர் ஒருவர் மறுபடி பேசினார். 'பாம்புத் தீவு'வை விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். உள்ளட்டை கொஞ்சம் உரிந்திருக்கிறது என்றேன். பரவாயில்லை என்றார். விற்பதற்கில்லை, அது என்னுடையதல்ல என்று சொன்னேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.